அருவியில் தேறிய மாப்பிள்ளைகள்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதென்றால் ஜாதகம் பார்ப்பதும் வேலையை விசாரிப்பதும் ஒப்புக்குத்தான். உண்மையான பரீட்சை குற்றாலத்தில், மெயின் அருவியில் நடக்கும். பையனைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் நின்று குளிக்கிற பாவனையில் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறானா, வயசானவர்களுக்கு வழி விடுகிறானா, நல்ல இடம் கிடைத்தால் அங்கேயே ஊன்றிக்கொண்டு மற்றவர்களைத் தவிக்க விடுகிறானா, எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் எப்படிப் பேசுகிறான், எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. என் பெரியப்பா தொடங்கிவைத்த வழக்கம். இப்போது அதன் முழு அதிகாரமும் என் அண்ணனிடம் இருக்கிறது.

"அருவிக்குள்ள நிக்கவனுக்கு நடிக்க வராது" என்பார் அண்ணன். "மூச்சு முட்டும்லா. அப்பம் உள்ள இருக்கவன் வெளிய வந்துருவான்."

அண்ணன் தென்காசியில் மரக்கடை வைத்திருக்கிறார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடமும் அது செல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. பெரியப்பா மகளுக்காக மதுரையிலிருந்து வந்த பேங்க் அதிகாரி ஒருவர், அருவிக்கு நடுவில் பிடித்த இடத்தை விட்டு அசையவில்லை என்பதற்காக அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார். அதை யாராவது எடுத்துச் சொன்னால் அண்ணன் கொஞ்சமும் அசர மாட்டார். "அந்த நாற்காலியை விட்டும் நகர மாட்டான், பாத்துக்கோ" என்பார்.

என் கணவரும் இந்த வழியாகத் தேறி வந்தவர்தான். அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் அவரை அருவிக்கு அழைத்தார்கள். அவர் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு, கம்பித் தடுப்பை ஒட்டி நின்று, "நீங்க போங்க அண்ணாச்சி, நீங்க போங்க தம்பி" என்று வந்தவர் எல்லோரையும் முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்ததை எதிரே நின்று நானும் பார்த்தேன். கடைசிவரை அவருடைய முறை வரவே இல்லை. தெறித்த தண்ணீரில் நனைந்தது போதுமென்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிடத் தெரியாத தங்கமான பையன்" என்று சொன்னார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

உண்மை என்னவென்றால், அவருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். சின்ன வயதில் ஆறு இழுத்துக்கொண்டு போய், படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வாளிக் குளியல்தான். கல்யாணமான புதிதில் பழைய குற்றாலத்துப் படியில் என் கையை நோகும்படி பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். அண்ணன் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் குடும்பத்தோடு அருவிக்குப் போவோம். அவர் வெளியே உட்கார்ந்து எல்லோருடைய துணியையும் செல்போனையும் கார் சாவியையும் பார்த்துக்கொள்வார். "நம்மெல்லாம் நிம்மதியாக் குளிக்கணும்னு தான் குளிக்காம இருக்காவ பாரு மச்சான்" என்று அண்ணன் ஈரத் தலையோடு உருகுவார். குளிக்காமலே குற்றாலத்தில் இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய மனிதர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவர் மாரடைப்பில் போன பிறகும் நான் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். போன ஆனி மாதம் ஒருநாள் போன் செய்து, கூட வேலை செய்யும் தோழியின் அண்ணன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கிற வேலையாம். சொந்தத்தில் இல்லை, எங்கள் ஆட்களும் இல்லை. "மாமா சம்மதிக்காம நான் எதுவும் செய்ய மாட்டேம்மா" என்றாள். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா சம்மதிக்கலன்னா வேற எவனையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். பிடிவாதத்தில் அவள் என்னைக் கொண்டிருக்கிறாள், வேறு யாரைக் குறை சொல்ல.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். பேசாத அந்த வார்த்தைக்கும் சேர்த்து அருவியில் மதிப்பெண் குறைப்பார் என்பது எனக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. சீசன் நல்லாருக்கு" என்றார், அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது? மகளுடைய அலுவலகத்துச் சிநேகிதர் ஒருவர் இந்தப் பக்கத்துப் பழைய கோயில்களைப் பார்க்க வருகிறார் என்று சொல்லிவைத்தேன். காலையில் வந்து சாயங்கால ரயிலில் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொய்யை ஓரளவு சரியாகக் கட்டி நிறுத்தத் தெரியும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மலையில் மழை கொட்டிவிட்டது. காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதர் அண்ணனுக்குப் போன் செய்தார். தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள், குளிக்கத் தடை.

அண்ணன் முகம் வாடிவிட்டது. பரீட்சை மண்டபத்தைப் பூட்டிவிட்டால் வாத்தியார் என்ன செய்வார். "மத்தியானத்துக்கு மேல விட்டுருவாவ" என்று தானே தேற்றிக்கொண்டார். "அதுவரைக்கும் தம்பிக்குக் கோயிலெல்லாம் காட்டுவோம்." ஊருக்குச் சொன்ன பொய்யை நாங்களே மெய்யாக்க வேண்டியதாயிற்று.

தென்காசி பெரிய கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பிறந்ததிலிருந்து போய்வருகிற கோயில். அதனாலேயே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் செருப்பு விட்டால் தொலையாது, எந்தத் தூணுக்குப் பின்னால் மழைச் சாரல் அடிக்காது, எப்போது போனால் பொங்கல் கிடைக்கும் என்பதுதான் தெரியும். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் மட்டும் கோபுர வாசலில் நிறுத்திக் காற்றைக் காட்டுவோம். உள்ளே நுழையும்போது காற்று நம்மை எதிர்த்துத் தள்ளும், கொஞ்சம் போனதும் பின்னாலிருந்து தள்ளும். அதை நாங்களே ஊதி விடுகிற மாதிரி அவ்வளவு பெருமை எங்களுக்கு.

மகள் முந்தின நாளே வந்திருந்தாள். காலை ரயிலில் வந்த பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சாதுவாக இருந்தான். காற்றை மரியாதையாக அனுபவித்துவிட்டு, "இந்தக் கோபுரம் எந்தக் காலம் மாமா?" என்று கேட்டான்.

"ஆயிரம் வருஷம் இருக்கும் தம்பி" என்றார் அண்ணன்.

நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். பழைய கோபுரம் எப்போதோ பிளந்து இடிந்து மொட்டையாக நின்றதும், அதன் மேல் இந்தப் புதிய கோபுரம் எழும்பியதும் எங்கள் கண் முன்னால் நடந்தவை. சாரம் கட்டியிருந்த காலத்தில், மேலிருந்து கல் விழும் என்று அம்மா எங்களை அந்தப் பக்கமே போக விடவில்லை. அண்ணனுக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது. பையனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்பது அவன் "ம்ம்" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. பழைய கட்டிடங்களோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு ஆயிரம் வருஷத்தை வாங்கிக்கொண்டான்.

அதுதான் எனக்கு உறுத்தியது. எனக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இவன் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பவனா, இல்லை வேண்டிய இடத்தில் வேண்டிய முகத்தைப் போட்டுக்கொள்பவனா? கெட்டிக்காரத்தனமாக நடிக்கிற ஒருவனுடைய கையில் என் மகளைக் கொடுத்துவிட்டு நான் தூங்க முடியாது. என் கணவர் இருந்தால் என்னோடு சேர்ந்து யோசித்திருப்பார். இல்லை.

முன்மண்டபத்துத் தூண் சிலைகளின் முன்னால் பையன் வெகுநேரம் நின்றான். கொடியும் வளையலுமாகக் கல்லில் அடித்திருக்கிற அந்தப் பெண்களின் விரல்களை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நகம்கூட இருக்கிறது. பிறகு அவன் என் பக்கத்தில் வந்து, இந்தக் கோயிலைக் கட்டிய பாண்டிய ராஜா, பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்யப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறார் என்று சொன்னான். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஜன்னல் வழியாகச் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"ராஜா எதுக்கு விழணும்?" என்று கேட்டேன்.

"தான் இல்லாதப்போ யார் பாத்துப்பாங்கன்னு கவலை போல ஆன்ட்டி" என்றான்.

இன்னும் தடை நீங்கவில்லை. அண்ணன் காரைச் சுந்தரபாண்டியபுரத்துக்கு விட்டார். அது அவருடைய புண்ணிய ஸ்தலம். சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. எந்தப் படத்துப் பாட்டை எந்த வரப்பில் எடுத்தார்கள், கதாநாயகி எந்தப் பாறையில் வழுக்கி விழுந்தாள், எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னார். கோயில்களுக்கெல்லாம் மொத்தமாக ஆயிரம் வருஷம் போட்டுவிட்டவர், சினிமாவில் மட்டும் மாதம்கூடத் தவறவில்லை. வயலுக்குச் சொந்தக்காரர் செல்போனில் போட்டோ எடுக்க வந்த கூட்டத்தை வரப்பிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார். பையன் இங்கேயும் "ம்ம்" என்றான். என் மகள் அவனுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை, அண்ணனுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குற்றாலம் போனோம். அருவிச் சத்தம் சந்நிதி பஜாருக்கே கேட்டது. கயிறு கட்டியபடியே இருந்தது. குற்றாலநாதர் கோயிலைச் சுற்றிவந்தோம். சங்கு வடிவத்தில் கட்டியது என்று அண்ணன் சொன்னார், அது சரிதான். "ஆயிரம் வருஷம்" என்று சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து சித்திர சபைக்கு நடந்தோம். சாரல் விடாமல் பெய்தது.

சித்திர சபைக்குள் சுவர் முழுக்க ஓவியம். நான் கடைசியாக அங்கே போனது கல்யாணமான புதிதில். அன்றும் அருவியில் தண்ணீர் அதிகம் என்பதால்தான் போனோம், என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணன் நனைந்த குடையோடு உள்ளே வந்தார். வெளியே வைத்தால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பது அவருடைய வாதம். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அதைச் சுவரில் ஓவியத்தின் மேலேயே சாய்த்துவைத்துவிட்டு, மேலே பார்த்து, "இதெல்லாம் பச்சிலைச் சாறு தம்பி" என்று ஆரம்பித்தார்.

"சுவத்துல சாய்க்காதீங்க" என்றான் பையன்.

அதுவரை நாங்கள் கேட்காத குரல். அதில் மாமாவும் இல்லை, மரியாதையும் இல்லை. சொன்னதோடு நிற்காமல் குடையை எடுத்து அண்ணன் கையிலேயே கொடுத்தான். பிறகு குனிந்து, ஈரம் பட்ட இடத்தைத் தொடாமல், பக்கத்திலிருந்து பார்த்தான். அடிபட்ட குழந்தையின் முட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். என் மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் குடையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருடைய கடையில் அவரிடம் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். "ஏட்டி, பெரியாட்கள்கிட்ட பேசத் தெரியலயே இவனுக்கு."

"குடை சொட்டிச்சுல்லா அண்ணே."

"அதுக்கு? சொல்லுத மொறை இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாள் முழுக்க அவன் பேசியதில் அந்த ஒரு வாக்கியம்தான் யாரையும் குளிர்விப்பதற்காகச் சொல்லப்படாதது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு வந்திருக்கும் இடத்தில், மாமாவை விட ஒரு சுவர் முக்கியம் என்று மறந்துபோகிறவன் என் மகளிடம் பொய் சொல்லிக் காலம் தள்ள மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. என் கணக்கில் அவன் தேறிவிட்டான். ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவர் வேறு ஆள். அவர் குடையை உதறிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நாலு மணி வாக்கில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ரயிலுக்கு நேரம் இருந்தது. பெண்கள் பக்கம் நெரிசல் என்று சொல்லி நானும் மகளும் எதிரே திறந்த வெளியில் நின்றுகொண்டோம். ஆண்கள் பக்கம் நன்றாகத் தெரியும் இடம் அது. எங்கள் வீட்டுப் பெண்கள் பரம்பரையாக நிற்கும் இடம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அருவிக்குள் போனார். பையன் பின்னால் போனான்.

போனவன் கம்பித் தடுப்பை ஒட்டி நின்றான். துண்டை மார்போடு சேர்த்து இடது கையால் பிடித்துக்கொண்டான். வலது கையை நீட்டி ஒரு தாத்தாவை முன்னால் போகச் சொன்னான். அடுத்து ஒரு சின்னப் பையனை. அடுத்து, கடோத்கஜன் மாதிரி நாலு பேர் வந்தார்கள், அவர்களையும். அவன் நகரவில்லை. கூட்டம் அவனைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

அந்தத் துண்டு, அந்தக் கை, கம்பியிலிருந்து ஒரு சாண்கூட விலகாத அந்த நிற்பு. என் கணவர் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது. கண் நிறைந்துவிட்டது. சாரல் இருந்ததால் துடைக்க வேண்டியிருக்கவில்லை. இவனுக்கும் தண்ணீரென்றால் பயம்தான், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தார். இறுக்கமெல்லாம் அருவியோடு போய்விட்டது.

"பாத்தியாட்டி?" என்றார். "அப்படியே மச்சான். எல்லாத்தையும் முன்னால விட்டுட்டு நிக்கான். தனக்குன்னு எடுத்துக்கிடத் தெரியல. குடை விஷயத்துல ஏதோ பதட்டத்துல பேசிட்டான், போட்டும்."

ரயில்வே ஸ்டேஷனில் அண்ணன் பையனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் போனார். மாப்பிள்ளை தேறிவிட்டால் சிப்ஸ் உண்டு. அந்த இடைவெளியில் நான் பையனிடம் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, ஒங்களுக்குத் தண்ணின்னா பயமா? பயம்னா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் என் மகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல ஆன்ட்டி. நான் காலேஜ்ல நீச்சல் சாம்பியன். அவ்வளவு தண்ணியப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் குளிக்காம நின்னது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? இவதான் ஓரமா நின்னு எல்லாரையும் முன்னால விடு, தலைய நனைக்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினா. துண்டு எப்படிப் பிடிக்கணும்னுகூட."

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்று கேட்டேன்.

"அப்பாதாம்மா" என்றாள். "என்னை ஹாஸ்டல்ல விட வந்தப்ப சொன்னாவ. ஒனக்கு யாரையாவது பிடிச்சா மாமா அருவிக்குத்தான் கூட்டிட்டுப் போவாவ, அப்ப நான் இருந்தா பாத்துக்கிடுவேன், இல்லன்னா அவனை இப்படி நிக்கச் சொல்லு, நான் அப்படித்தான் பாஸானேன்னு. நின்னு வேற காட்டினாவ, பஸ் ஸ்டாண்டுல வெச்சு."

பஸ் ஸ்டாண்டில், துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு, இல்லாத அருவிக்கு முன்னால் அவர் நின்று காட்டியதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் மேல் கோபம் வந்தது. அவர் உடனே அங்கே வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணன் சிப்ஸ் பொட்டலங்களோடு வந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த காரணத்தை எடுத்துக்கொண்டார். "அழாதட்டி. மச்சான் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாவ" என்றார்.

ரயில் வந்து நின்றது. அண்ணன் பொட்டலங்களைப் பையன் கையில் திணித்து, அவன் தோளைத் தட்டினார், மரத்தைத் தட்டுகிற அதே தட்டு.

"மச்சான் போனதுலருந்து அருவிக்குப் போனா எங்க துணியப் பாத்துக்கிட ஆளு இல்ல தம்பி" என்றார். "போன சீசன்ல என் செல்போனே போச்சு. இனிமே அந்தக் கவலை இல்ல. வருஷா வருஷம் வந்துருங்க. நாங்க குளிப்போம், நீங்க வெளிய இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க."

நீச்சல் சாம்பியன் என்னைப் பார்த்தான்.

"பாத்துக்கிடுவாரு அண்ணே" என்றேன் நான்.